ஆறு தடவையும் தும்மினேனா?

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். மகள் அவருக்குக் கொடுத்திருந்த நேரம் பத்து. பல்கலைக்கழகம் நாலே நிறுத்தம் தள்ளி இருந்தது.

"இப்பவே போய் என்னப்பா பண்ணுவீங்க? வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பார்."

"அவருக்கும் ஒரு தடவை பவர் பாத்துட்டு வரேன்."

இந்த வீட்டுக்குள் இந்த வாரம்தான் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா கண்ணாடிக் கடைக்காரர். முப்பத்தைந்து வருடமாக ஊராரை உட்காரவைத்து, "கீழ் வரியைப் படிங்க" என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். சித்தப்பா அவருடைய ஒரே தம்பி. அண்ணன் எழுதித் தருகிற பவர் சீட்டைப் பார்த்து லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. ஒரே கடை, ஒரே போர்டு, கண் பட்டுவிடும் என்று அம்மா பயப்படும் அளவுக்கு ஒற்றுமை.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு தேர்தல் வந்தது. அப்பா நாற்காலிக் கட்சி, சித்தப்பா சாவிக் கட்சி. வாக்கு எண்ணிய அன்று சாவி ஜெயித்தது. சித்தப்பா கடை போர்டின் மேல் கொடியைக் கட்டினார். அப்பா அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். பேச்சு தடித்தது. "இனிமே எனக்குத் தம்பின்னு ஒருத்தன் கிடையாது" என்று அப்பா நாலு பேர் கேட்கச் சொன்னார். மறுநாளே கடைக்கு நடுவில் பிளைவுட் தடுப்பு வந்தது. வாசலும் இரண்டானது.

ஆனால் கோபத்தைப் பார்த்தால் தொழில் நடக்குமா? தடுப்பில் தபால் பெட்டி வாய் அளவுக்கு ஒரு பொந்து வெட்டினார்கள். இந்தப் பக்கமிருந்து சீட்டு போகும், அந்தப் பக்கமிருந்து கண்ணாடி வரும். ஒரு வார்த்தை போகாது, ஒரு வார்த்தை வராது. அம்மா அதற்கு 'எல்லைச் சாவடி' என்று பெயர் வைத்திருந்தாள்.

வீட்டில் கூத்து இன்னும் அதிகம். சாவி என்ற சொல்லை அப்பா வாயில் வைப்பதில்லை. "பூட்டைத் திறக்கிற சாமான் எங்க?" என்றுதான் கேட்பார். சித்தப்பா மட்டும் சளைத்தவரா? அவர் பாதிக் கடையில் ஒரு நாற்காலிகூட இல்லை. ஃபிரேம் பழுது பார்க்க வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஸ்டூலில் முதுகு வலிக்க உட்கார்ந்திருப்பார்கள். "எல்லாக் கட்சிக்கும் நாற்காலி மேலதான் கண்ணு. உங்க அப்பா கட்சி மட்டும் அதை வெக்கமில்லாம சின்னமா வெச்சிருக்கு" என்பார் அண்ணன் மகளிடம்.

அந்த அண்ணன் மகளிடம்தான் போன வாரம் அவர் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். சித்தியின் அண்ணன் வேறு ஊரில் லென்ஸ் தொழிற்சாலை நடத்துகிறார். அங்கே வேலை. ரயிலில் எட்டு மணி நேரம். சனிக்கிழமை காலை கிளம்புகிறார்கள்.

"உங்க அப்பாகிட்ட சொல்லாதே குட்டி. நான் போனப்புறம் தானா தெரியட்டும்."

அவளும் சரியென்று சொல்லித் தொலைத்துவிட்டாள். ஐந்து நாளாக அந்தச் 'சரி' தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டே நாள். இரண்டு பேரும் பேசாமலே அவர் ரயில் ஏறிவிட்டால், அப்புறம் பொந்துகூட மிஞ்சாது.

*

வீட்டில் அவளுக்கு 'ஆராய்ச்சி' என்றே பெயர் விழுந்துவிட்டது. "ஆராய்ச்சி குளிச்சாச்சா?" என்றுதான் அம்மா கேட்பாள். மனிதக் கவனம் எங்கே தங்குகிறது, எங்கே தாண்டிப் போகிறது என்று அளந்து, அதை வைத்து அரசியல் மனசைப் படிப்பது அவளுடைய ஆய்வு. வாயால் கேட்டால் ஊரில் எல்லாரும் நடுநிலைதான். "எல்லாக் கட்சியும் ஒண்ணுதாங்க" என்று கொட்டாவி விடுவார்கள். கணினித் திரை முன்னால் கொட்டாவி செல்லாது.

திரையில் ஒரு சொல் வரும், ஏதாவது ஒரு நிறத்தில். சொல் என்னவென்று பார்க்கக் கூடாது. நிறம் எதுவோ அந்த நிற ஸ்டிக்கர் ஒட்டிய பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். மனசை உறுத்தும் சொல் வந்தால் விரல் கொஞ்சம் தயங்கும். அரசியல் சொற்கள் ஒரு பட்டியல், ஒட்டுறவில்லாத சாதாரணச் சொற்கள் இன்னொரு பட்டியல். இரண்டிலும் தயக்கம் எவ்வளவு என்று கணினி கணக்கெடுக்கும்.

திங்கட்கிழமையிலிருந்து நூற்றிருபது தன்னார்வலர்கள் வரப்போகிறார்கள். அதற்கு முன் வெள்ளோட்டம். வெள்ளோட்டத்துக்குத் தெரிந்தவர்களை உட்காரவைக்கலாம். அந்த அளவுகள் ஆய்வில் சேராது. அவரவர் அளவுத் தாளை அவரவர் கேட்டால் காட்டலாம். வேறு யாருக்கும் காட்டக் கூடாது.

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் குடேன்டி" என்று அம்மா முந்தின நாள் கிசுகிசுத்திருந்தாள்.

"ஏமாத்தி உட்கார வெச்சா அது சோதனை இல்லம்மா, பஞ்சாயத்து."

எனவே அப்பாவுக்குப் பத்து மணி, சித்தப்பாவுக்குப் பன்னிரண்டு.

*

சோதனை அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு திரை, நாலு நிற ஸ்டிக்கர். அப்பா உள்ளே நுழைந்ததும் விளக்கைப் பார்த்து, "வெளிச்சம் தப்பான பக்கத்துல இருக்கு" என்றார். திரைக்கும் தன் கண்ணுக்கும் உள்ள தூரத்தைச் சாணால் அளந்தார்.

"அப்பா, எழுத்தைப் படிக்காதீங்க. நிறத்தை மட்டும் பாருங்க."

"எழுத்தைப் படிக்காதேன்னு சொல்ற பரிசோதனையை இப்பதான் பாக்கறேன். சரி, ஆரம்பி."

இருபது நிமிடம். கதவுக்கு வெளியே அவள் பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். உள்ளே பொத்தான் சத்தம் டக், டக் என்று கடிகாரம் போல வந்துகொண்டிருந்தது. நடுவில் எப்போதாவது ஒரு டக் தவறிப் பின்னால் வந்தது.

அப்பா வெற்றி வீரராக வெளியே வந்தார். "எத்தனை மார்க்?"

"இதுல மார்க் கிடையாதுப்பா."

"மார்க் இல்லாத பரீட்சைக்கா இஸ்திரி போட்டேன்? என் தாளைக் காட்டு. காட்டலாம்னு நீதானே சொன்னே."

சொன்னது அவள்தான். அச்செடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கோடு. தயக்கம் கூடினால் கோடு உயரும். அப்பா மூக்குக் கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு முதலில் தன் கட்சியைத் தேடினார். நாற்காலி: முக்கால் நொடி. சாவி: அதுவும் முக்கால் நொடி. தேர்தல், மேடை, கூட்டணி, எல்லாம் ஒரே மட்டம்.

"என்ன பாப்பா இது? நாற்காலியும் சாவியும் எனக்கு ஒண்ணா?"

"இன்னிக்கு, இந்த மெஷின் முன்னாடி, அப்படி வந்திருக்கு."

"அப்போ நான் கட்சிக்காரனே இல்லையா?" அவர் குரலில் உண்மையான வருத்தம். ஆறு வருடமாகப் பூட்டைத் திறக்கிற சாமான் என்று கஷ்டப்பட்டுச் சொல்லி வந்தவர் அல்லவா?

பிறகு அவர் பார்வை வலதுபக்கம் நகர்ந்தது. சாதாரணச் சொல் பட்டியல். ஜன்னல் முக்கால் நொடி. சீப்பு முக்கால் நொடி. தலையணை கொஞ்சம் குறைவு. அடுத்த கோடு மட்டும் தாளின் உச்சிக்குப் போயிருந்தது. ஒன்றேகால் நொடி.

அதன் அடியில் எழுதியிருந்தது: தம்பி.

ஆராய்ச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. அடிப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பட்டியல் தயாரித்தபோது 'அண்ணன்' என்ற சொல்லை அவள் கவனமாக நீக்கியிருந்தாள். எந்தக் கட்சி போஸ்டரைப் பார்த்தாலும் அதில் ஒரு அண்ணன் கைகூப்பிக்கொண்டு நிற்பார். அது அரசியல் சொல். ஆனால் தம்பி? "தம்பி, கொஞ்சம் நகருப்பா", "தம்பி, ஒரு டீ" என்று நாளைக்கு நூறு பேரை நூறு பேர் கூப்பிடுகிறார்கள். கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத அவளுக்கு அது வாளி, சீப்பு மாதிரி ஒரு சொல்லாகத்தான் பட்டிருந்தது.

"இது மெஷின் கோளாறா?" என்றார் அப்பா, மெதுவாக.

"இருக்கலாம்ப்பா. ஒருத்தரோட ஒரு தாளை வெச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது. நூறு பேரைச் சேர்த்துப் பாத்தாத்தான் இதுக்கு அர்த்தம். தனியா பாத்தா, அந்த நேரம் நீங்க தும்மிக்கூட இருக்கலாம்."

"இந்தச் சொல் எத்தனை தடவை வந்துச்சு?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "ஆறு தடவை."

"ஆறு தடவையும் தும்மினேனா?"

அவள் அச்சுப்பொறியை அணைத்தாள்.

"என் கடைக்கு வர்றவர் ஒரு எழுத்தை ஒரு தடவை தப்பா படிச்சா, கவனக்குறைவுன்னு விட்டுடுவேன்" என்றார் அப்பா. "ஆறு தடவையும் அதே எழுத்துல தடுமாறினா, பார்வையிலதான் குறைன்னு எழுதுவேன்."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வழக்கமாகப் பிடிக்கிறவர் இல்லை.

*

அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியை விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்துவிட்டார். யாருடைய தாள் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"உனக்குத் தம்பி இருக்கானா?"

"இல்ல மேடம்."

"அதான். எனக்கு மூணு பேரு. அந்தச் சொல்லை எடுத்துட்டு வேற போடு."

"குழாய்?"

"குழாயடிச் சண்டை போட்டவங்க எத்தனை பேரு வருவாங்க தெரியுமா? வேற."

"படிக்கட்டு?"

"படிக்கட்டு பரவாயில்ல. அதுல விழுந்தவங்க கொஞ்சம் பேருதான் இருப்பாங்க." பேராசிரியை பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார். "திங்கக்கிழமைக்கு முன்னாடி மாட்டுச்சே, நல்ல காலம். இதுக்குத்தான் வெள்ளோட்டம்."

ஆனால் கணினியில் சொல்லை மாற்ற அரைமணி நேரமாவது வேண்டும். அதற்குள் பன்னிரண்டு அடித்துவிட்டது. சித்தப்பா நேரத்துக்கு வந்து நின்றார், மரத்தூளும் லென்ஸ் தூளும் ஒட்டிய கையோடு. இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாராம்.

பழைய பட்டியலோடு அவரை உட்காரவைப்பதா என்று அவள் தயங்கினாள். "சித்தப்பா, இன்னொரு நாள் வரீங்களா?" என்று வாய்வரை வந்தது. இன்னொரு நாள் எங்கே இருக்கிறது?

"லிஸ்ட்ல ஒரு தப்பு இருக்கு. பரவாயில்லையா?"

"தப்பில்லாத எந்த லிஸ்ட்ல குட்டி நான் இருந்திருக்கேன்?"

அவர் இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தார். தாள் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினார். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கைத்தூளைத் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டத் தூளே இல்லாமல் போன பிறகும் தட்டினார்.

"ஒரு சொல் வந்துச்சு" என்றார். "நிறத்தைப் பாருன்னு நீ சொன்னே. எனக்கு அது எழுத்தாவும் தெரியல, நிறமாவும் தெரியல. யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

அவள் எந்தச் சொல் என்று கேட்கவில்லை.

"எனக்கு அம்பத்தி நாலு வயசு. பஸ்ல ஏறினா பெரியவரேங்கறான், பேங்க்குக்குப் போனா சாருங்கறான். என்னைத் தம்பின்னு கூப்பிட ஊர்ல யாரு மிச்சம்? இருந்தது ஒரே ஒரு ஆளு."

ஒருவர் தாளில் உள்ளதை மற்றவருக்குச் சொல்லக் கூடாது. சித்தப்பா போவதை அப்பாவுக்குச் சொல்லக் கூடாது. இரண்டு பக்கமும் வாயைக் கட்டிவிட்டு, நடுவில் தானே ஒரு பிளைவுட் பலகையாக நிற்பதாக அவளுக்குத் தோன்றியது.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை..." என்று ஆரம்பித்தாள்.

"கூப்பிட்டா வருவேன்" என்று சித்தப்பா எழுந்துகொண்டார். "கூப்பிடணும்ல?"

*

நாலு மணிக்கு அப்பா போன் செய்தார். கடைக்கு வரச் சொன்னார். காரணம் சொல்லவில்லை.

அவள் போனபோது கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. எழுத்து அட்டையின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அப்பா, வாடிக்கையாளர்கள் உட்காருகிற உயர நாற்காலியில் தானே உட்கார்ந்திருந்தார். அவர் அதில் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"லென்ஸ் மாத்திப் போடத் தெரியுமில்ல உனக்கு? ஸ்கூல் படிக்கும்போது விளையாடுவியே. எனக்கு பவர் பாரு."

அப்பாவின் கண்ணாடியில் இடது லென்ஸில் குறுக்கே ஒரு கீறல் உண்டு. ஆறு வருடத்துக் கீறல். "ஊருக்கெல்லாம் பார்வை குடுக்கிறவர் கீறல் வழியாத்தான் உலகத்தைப் பாக்கிறார்" என்று அம்மா சொல்லிக் காட்டாத நாளில்லை. வேறு கடையில் மாற்றிக்கொள்ள அவருக்கு மனமில்லை. இந்தக் கடையில் மாற்ற வாயில்லை.

கனத்த சோதனை ஃபிரேமை அவர் மூக்கில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டாள்.

"இதுவா, அதுவா?"

"அது."

"இப்ப? இதுவா, அதுவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றவர், சற்றுப் பொறுத்துக் கேட்டார். "ரெண்டு நாளா பக்கத்துக் கடைக்காரர் மெஷின் சத்தமே இல்ல. கவனிச்சியா?"

ஆறு வருடமாகச் சித்தப்பாவுக்கு அந்தப் பெயர்தான். ஆனால் ரயில் வண்டி, மழை, சந்தை இரைச்சல் எது கேட்டாலும் திரும்பாத மனிதர், தடுப்புக்கு அப்பால் ஒரு இயந்திரம் ஓடாததைக் கேட்டிருக்கிறார். இதை அளக்க எந்தத் திரையும் வேண்டாம் என்று நினைத்தாள் ஆராய்ச்சி.

"நீங்களே கேளுங்களேன்ப்பா" என்றாள். அதற்கு மேல் சொன்னால் வாக்கு உடைந்துவிடும்.

அப்பா சீட்டை எடுத்தார். வலது கண், இடது கண், எண்களைத் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். 'வாடிக்கையாளர் பெயர்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அவர் எழுதினார்: அண்ணன்.

அவளுக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அடுத்த வரி 'எப்போது வேண்டும்'. அப்பா பெருந்தன்மையோடு எழுதினார்: அவசரமில்லை. அடுத்த வாரம் போதும்.

ஐயோ அப்பா, என்று அவள் உள்ளுக்குள் அலறினாள். ஆறு வருடம் கழித்து ஒரு நல்ல காரியம் செய்கிறவர், அதில் போயா மரியாதை பார்க்க வேண்டும்! கை நீட்டித் தடுப்பதற்குள் சீட்டு எல்லைச் சாவடி வழியாக அந்தப் பக்கம் விழுந்துவிட்டது.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. தடுப்புக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. யாரோ மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது. ஜலதோஷமாகவும் இருக்கலாம்.

பிறகு சீட்டு திரும்பி வந்தது. ஆறு வருடத்தில் சீட்டு திரும்பி வருவது இதுதான் முதல் தடவை. அப்பா எடுத்துப் படித்தார். கீழே சித்தப்பாவின் கோணல் எழுத்தில் ஒரு வரி:

'எழுத்து புரியவில்லை. நேரில் வந்து சொல்லவும்.'

"என் எழுத்தா?" அப்பா பொங்கிவிட்டார். "என் எழுத்து புரியலையா? இந்தத் தெருவுல மனு எழுதணும்னா எல்லாரும் என்கிட்டதான் வருவாங்க! இவனுக்கு அஆ எழுதக் கத்துக் குடுத்ததே நான்! புரியலையாமே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். சீட்டை மறுபடி படித்தார். கீறல் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். துடைத்தது கண்ணாடியை மட்டும் அல்ல.

"போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றார், யாரிடமோ அனுமதி கேட்பது போல.

அந்த வாசலுக்கும் இந்த வாசலுக்கும் ஐந்தே அடி. அப்பா அதை நடந்து முடிக்கிற வரைக்கும் அவளுக்குப் பொறுமை இல்லை. ஆய்வு நெறிமுறை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பொந்தில் கண்ணை வைத்தாள்.

அந்தப் பக்கம் கடையே இல்லை. சுவரோரம் அட்டைப் பெட்டிகள் கூரை வரை. தேய்க்கும் இயந்திரம் கழற்றப்பட்டு, சாக்கில் சுற்றித் தரையில் கிடந்தது. நடுவில் சித்தப்பா, இரண்டு ஸ்டூல், அவ்வளவுதான். கதவு திறந்தது. அப்பா சீட்டை நீட்டியபடி ஒரு அடி உள்ளே வைத்தார். பெட்டிகளைப் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார்.

"தம்பி... என்னடா இது?"

பழக்கதோஷம், அவள் மனசு தானாக நேரத்தைக் குறித்தது. கண் பார்த்ததற்கும் வாய் கூப்பிட்டதற்கும் நடுவில் அரை நொடிகூட இல்லை.

சித்தப்பா ஒரு ஸ்டூலைக் காலால் இழுத்து, துண்டால் தட்டிவிட்டு, முன்னால் போட்டார்.

"உக்காருங்கண்ணே. சொல்றேன்."